கங்கு விழுந்த பின்சீட்டு

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு புது வியாதி வந்திருக்கிறது. உள்ளே இருக்கிற பழைய தோலையெல்லாம் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, அச்சு அசலாக அதே மாதிரி புதுத்தோல் போட்டுக் கொடு என்கிறார்கள். அதற்கு 'ஒரிஜினல் லுக்' என்று பெயராம். கையில் இருக்கிற ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுவிட்டு அதன் லுக்கைத் தேடி அலைகிறவர்களை என்னவென்று சொல்வது? போன மாதம் கடலூர் கடையிலிருந்து கரீம் பாயின் மருமகன் போன் பண்ணினார். "பவுனக்கா, நான் சொன்னா வேல செய்ய சோம்பப்பட்டு சொல்றான்னு நெனக்கிறாங்க. நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுங்க, வர்றவங்களுக்குப் படிச்சிக் காட்டுறேன்" என்றார். ஒரு வார்த்தைதான் எழுத உட்கார்ந்தேன். வாய் உள்ளவளுக்கு ஒரு வார்த்தை எங்கே போதும்?

என் பெயர் பவுனம்மா. ஊர் தேவனாம்பட்டினம். பாதி வாழ்க்கை மீன் கூடை தூக்கினேன், வலை பின்னினேன். 2004 கடைசியில் அலை வந்து வீடு, வலை, படகு எல்லாவற்றையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு எங்கள் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தார்கள். ஜாக்கெட் தைக்க எனக்குப் பொறுமை வரவில்லை. தடித்த நூலும் பெரிய ஊசியும்தான் என் கைக்குப் படிந்தன. அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் கரீம் பாய் தன் குஷன் கடைக்கு என்னைக் கூப்பிட்டார். பஸ் சீட்டு, லாரி சீட்டு, ஆட்டோவின் மேல்கூடு என்று எல்லாம் தைக்கும் கடை. "மீன்காரம்மா தச்ச சீட்டுல ஒக்காந்தா வவ்வா மீனு வாசன வருமா பாய்?" என்று ஆட்டோக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள். "வராது, வந்தா அதுக்குத் தனி ரேட்டு" என்பேன். இப்படியே ஒரு வருஷம் போனது. வேலை கற்றது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பாயைப் பார்த்து வந்தது.

பாய்க்குச் சொந்த ஊர் மங்கலம்பேட்டை. யாரையும் நீ என்று சொல்ல மாட்டார், என்னைத் தவிர. குரல் உயரவே உயராது. கோபம் வந்தால் "யா அல்லாஹ்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு எதிரே டீக்கடைக்குப் போய்விடுவார். அவர் டீ குடித்துத் திரும்புவதற்குள் தப்பு செய்தவன் அதைத் திருத்தி வைத்திருக்க வேண்டும். திருத்தாமல் சாக்கு சொல்லிக்கொண்டு நின்றால் இன்னொரு டீக்குப் போவார். நான் சேர்ந்த புதிதில் அந்த டீக்கடைக்காரர் என்னால் நன்றாகப் பிழைத்தார்.

சிதம்பரத்து வண்டி வேலை எங்களுக்கு 2006இல் வந்தது. இங்கிலாந்தில் செய்த பெரிய கார். பெயரைச் சொன்னால் யார் வீடு என்று அந்த ஊருக்கே தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. சொந்தக்காரர் ஓய்வு பெற்ற வக்கீல். அவருடைய அப்பா நிலபுலன் உள்ளவர், அந்தக் காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. வக்கீல் ஐயாவுக்கு மனைவி இல்லை. வீட்டில் மருமகள் உமாவும் அவர் பிள்ளைகளும் இருந்தார்கள். மகன் சென்னையில் வேலை, வாரக் கடைசியில் வந்து போவார்.

கார்க் கதவைத் திறந்தால் சீட்டெல்லாம் வெள்ளைத் துணி உறை. தூக்கிப் பார்த்த பாய் அப்படியே நின்றுவிட்டார். கருஞ்சிவப்புத் தோல், வரிவரியாக மடிப்பு வைத்துத் தைத்தது, எங்கேயும் வெயில் பட்ட வெளுப்பு இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அவர்கள் சுத்த சைவம். வண்டி வந்த அன்றே வக்கீல் ஐயாவின் அம்மா, மாட்டுத்தோல் மேல் நான் உட்கார மாட்டேன் என்று தெருவிலேயே நின்றுவிட்டாராம். அன்றைக்கே உறை தைத்துப் போட்டார்கள். துணி போட்டுவிட்டால் தோல் தோலில்லை! அந்த அம்மா காலமாகி எத்தனையோ வருஷமாகியும் உறையை யாரும் எடுக்கவில்லை. இங்கிலாந்துக்காரன் தைத்த தோலைச் சிதம்பரத்துச் சைவம் காப்பாற்றி வைத்திருந்தது.

பாய் அந்த வண்டிக்குள் எப்படிப் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். முதலில் வாட்ச், மோதிரம், இடுப்பு பெல்ட் மூன்றையும் கழற்றி என் கையில் கொடுத்தார். பக்கிள் ஒரு கீறல் போட்டால் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தார். சீட்டில் உட்காரவில்லை. கீழே கால்மிதியில் மண்டியிட்டு, புறங்கையால் தோலைத் தடவினார். உள்ளங்கையில் வேர்வை இருக்கும், அது பொய் சொல்லும் என்பார். பிறகு கட்டை விரலால் மெல்ல அமுக்கி, தோல் சுருங்குகிறதா வெடிக்கிறதா என்று பார்த்தார். சீட்டுக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஈர வெள்ளைத் துணியால் துடைத்து, சாயம் வருகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். அதெல்லாம் ஆன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தோலு காஞ்சி பசியா இருக்குது, அவ்ளோதான். நூலு சில எடத்துல மக்கிப் போச்சு. வேற ஒண்ணுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்."

"அப்ப புதுசு மாதிரி ஆக்கிடலாமா பாய்?" என்றேன்.

"புதுசு மாதிரின்னு சொல்லாத பவுனு. புதுசுக்கு வேற கட இருக்குது. இது எப்படி இருக்குதோ அப்படியே இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும். அதுக்குத்தான் நம்மள கூப்ட்டிருக்காங்க."

சோப்பு நுரையை மட்டும் துணியில் எடுத்து, சொட்டு நீர் உள்ளே இறங்காமல் துடைத்தோம். தோலுக்கான க்ரீமை விரலால் சூடு வரத் தேய்த்து, ஊறவிட்டு, மறுபடி தேய்த்தோம். தையல் என் பங்கு. மக்கிய நூலை பிளேடு நுனியால் அறுத்து, இடுக்கியால் உருவி, மெழுகு தடவிய புது நூலைப் பழைய ஓட்டைகள் வழியாகவே கோக்க வேண்டும். புதிதாக ஒரு ஓட்டை போட்டாலும் தோல் அந்த வரிசையில் தபால்தலை மாதிரி கிழிந்துவிடும். மிஷின் இதற்கு ஆகாது, கைதான். இருட்டில் வலை பின்னிய விரல்களுக்கு ஓட்டை தானாகத் தெரிந்தது. பாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், டீக்குப் போகவில்லை. அன்று எனக்கு வந்த பெருமையை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேலை முடிந்ததும் பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சொந்தக்காரரைக் கூப்பிட்டு, விரல் வைத்து ஒவ்வொரு இடமாகக் காட்டுவார். இங்கே நூல் மாற்றியிருக்கிறேன், இங்கே ஒட்டியிருக்கிறேன், இங்கே கை வைக்கவில்லை என்று. வேலை செய்த இடம் கண்ணுக்குத் தெரியாமலிருந்தால் அதுதான் திறமை என்று மற்ற கடைக்காரர்கள் மறைப்பார்கள். பாய் காட்டிக் கொடுப்பார். "நாளைக்கி வேற ஒருத்தன் இத தொறப்பான். எது மொதல்ல தச்சவங்க செஞ்சது, எது நாம செஞ்சதுன்னு அவனுக்குத் தெரியணும். இல்லன்னா ஒட்டு போட்டவன் திருடன்" என்பார். எங்கள் கடைச் சட்டம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு வருஷா வருஷம் சிதம்பரம் போய் உறையைக் கழற்றி, காற்றாட விட்டு, க்ரீம் தேய்த்துவிட்டு வருவோம்.

2011 கடைசியில் புயல் அடித்தது. கடலூர் பக்கம் பலா, முந்திரி, தென்னை எல்லாம் வேரோடு கிடந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. பாய் அப்போது இடுப்பு உடைந்து மங்கலம்பேட்டையில் படுத்திருந்தார். டவர் வந்த முதல் நாளே என் செல்லுக்கு உமாவிடமிருந்து அழைப்பு.

"பவுனம்மா, கொட்டகை மேல மரம் விழுந்துடுச்சு. கார் பின்கண்ணாடி ஒடஞ்சி உள்ள தண்ணி. நீங்க மட்டும் வாங்க. சீக்கிரம் வாங்க."

'நீங்க மட்டும்' என்று ஏன் சொன்னார் என்பது கதவைத் திறந்ததும் விளங்கியது. ஈர நாற்றத்தோடு சாம்பிராணி வாசனை குப்பென்று அடித்தது. மேற்கூரையின் கம்பளித் துணி பின்பக்கம் புகை படிந்து பழுப்பாகியிருந்தது. உமா பின்சீட்டு உறையைத் தூக்கினார். நடுவில் வடை அளவுக்குக் கரிந்த பள்ளம். சுற்றிலும் தோல் பொரித்த அப்பளமாக வளைந்து நின்றது. உள்ளே அடைத்திருந்த குதிரை முடி தெரிந்தது.

"ஈரம் போகட்டும்னு ஒறையக் கழட்டிட்டு தூபக்கால உள்ள வச்சேன். கொழந்தைக்கி தல துவட்டி சாம்பிராணி போடுவோமில்ல, அந்த மாதிரி. கை தட்டி கங்கு விழுந்துடுச்சு."

குளிப்பாட்டிய பிள்ளைக்குப் போடுகிற புகையைக் காருக்குப் போட நம் வீட்டுப் பெண்களுக்குத்தான் தோன்றும். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் உமா முகத்தில் சிரிப்புக்கு இடமில்லை.

மாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் காரில்தான் ஊர்வலம் போவதாக ஏற்பாடு. உமாவின் கணவர் பாண்டிச்சேரியில் ஒரு கடையில் பேசிவைத்திருந்தார். உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு கிரீம் கலரில் புதுசு போட அவருக்கு ரொம்ப நாள் ஆசை. வக்கீல் ஐயா ஒருவர்தான் குறுக்கே நின்றார். இப்போது இந்தப் பள்ளத்தைப் பார்த்தால் மகனுக்கு வேறு சாக்கே வேண்டாம்.

"பாண்டி கடைல ஸ்ப்ரே அடிச்சா ஒண்ணும் தெரியாதாமே? நீங்களே ஒட்டு போட்டு மேல கலர் அடிச்சிடுங்க. மாமாவுக்குத் தெரியவே வேணாம்" என்றார் உமா.

"அவர் திட்டுவாருன்னு பயமா?"

"திட்ட மாட்டார். இருவத்திரெண்டு வருஷமா ஒரு வார்த்த திட்டல. இந்தக் கார பத்தியும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. இது அவுங்க குடும்பத்துப் பொருள். நான் எரிச்சிட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு மனசு இளகத்தான் செய்தது. ஸ்ப்ரே அடித்தால் ஒட்டு மறைந்துவிடும், உண்மை. ஆனால் ஒட்டுக்கு மட்டும் அடிக்க முடியாது, சீட்டு முழுக்க அடிக்க வேண்டும். அடித்த பிறகு அது தோலில்லை, தோலுக்கு மேல் பெயின்ட். அந்த நிறம், அந்த மெல்லிய வெடிப்பு ரேகை எல்லாம் அதற்கு அடியில் போய்விடும், திரும்ப வராது. ஒரு வடை அளவு ஓட்டையை மறைக்க முழு சீட்டையும் கொல்வதா?

"கலர் அடிக்க மாட்டேம்மா. ஒட்டு போடுறேன். ஒட்டு தெரியும். வேல முடிஞ்சதும் ஐயாகிட்ட வெரல் வச்சிக் காட்டுவேன். எங்க கட வழக்கம் அது."

உமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நீங்க வேணாம். கெளம்புங்க."

"கெளம்புறேன். ஆனா தோலு ஈரமா கெடக்குது. ஈரத்த எடுக்காம போவ மாட்டேன். அதுக்கப்புறம் பாண்டிக்காரன கூப்ட்டுக்குங்க" என்று சொல்லிப் புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டேன். பிடிவாதத்தில் எங்கள் ஊர்ப் பெண்களிடம் யாரும் மோத முடியாது.

பின்சீட்டை அடியோடு தூக்கி, வீட்டு நடையில் கயிற்றுக் கட்டில் மேல் வைத்தேன். வெயிலில் வைக்கக் கூடாது. கருவாடு வெயிலைக் கேட்கும், தோல் காற்றைத்தான் கேட்கும். வெயிலில் காய்ந்த தோல் பலகையாகிவிடும், பிறகு ஆண்டவனே வந்தாலும் மடங்காது. பழைய வேட்டிகளை மடித்து வைத்து அமுக்கி, அது ஈரமானதும் வேறு வேட்டி மாற்றினேன். கால்மிதிக் கம்பளத்துக்கு அடியிலிருந்த மெத்தைத் துணியை உருவிக் கொடியில் போட்டேன். பூஞ்சை பிடித்த இடத்தை உலர்ந்த பிரஷ்ஷால் வாசலுக்குக் கொண்டுபோய்த் தட்டினேன். தோல் முக்கால் காய்ச்சலுக்கு வந்ததும் விரலால் பிசைந்து பிசைந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விறைத்துவிடும்.

கரண்ட் இல்லாததால் ஃபேனும் கிடையாது. ஒரு பக்கம் நான் பிசைந்தேன். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்த உமா, விசிறியை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தார். மறுநாளும் நான் போனேன், அவர் காய்ந்த வேட்டிகளோடு காத்திருந்தார். போகச் சொன்ன பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. வக்கீல் ஐயா ஊன்றுகோலோடு அந்த வழியே வந்தால் உமா ஒரு வேட்டியைப் பள்ளத்தின் மேல் இழுத்துப் போடுவார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்தால்தான் காட்டும் வழக்கம், நடுவில் இல்லை.

ஒட்டுக்குத் தோல் வேண்டும். கடைத் தோல் அந்த வண்டியோடு சேராது. பாய்க்குப் போன் போட்டேன்.

"சீட்டுக்கு அடியில மடிச்சி ஆணி அடிச்சிருப்பான் பாரு, அங்க தோலு மிச்சம் வுட்டிருப்பான். அதுலேந்து எடு. அதே மாடு, அதே பதம்" என்றார்.

"வெளிச்சம் படாத தோலு பாய், நெறம் ஜாஸ்தியா இருக்குமே."

"இருக்கட்டும். போட்டவ நீன்னு தெரியட்டும்."

அடிமடிப்பிலிருந்து ஒரு துண்டு எடுத்தேன். கரிந்து விறைத்த பாகத்தை, நல்ல தோல் தொடங்கும் இடம் வரை வெட்டினேன். பக்கத்து மடிப்பின் தையலைப் பிரித்து, அந்த வழியாக உள்ளே கெட்டித் துணி ஒன்றைச் செலுத்தி ஓட்டைக்கு அடியில் தாங்கலாக ஒட்டினேன். துண்டின் ஓரங்களைக் கண்ணாடித் துண்டால் சீவிச் சீவி, விரல் தடவினால் தட்டாத அளவுக்கு மெலிதாக்கினேன். துண்டை உட்காரவைத்து ஒட்டி, துணி விரித்து அம்மிக் குழவியைப் பாரம் வைத்தேன். ஒட்டு பிடித்த பிறகு பிரித்த தையலைப் பழைய ஓட்டைகளிலேயே தைத்து மூடினேன். மேற்கூரைப் புகையைப் பிரஷ்ஷும் உலர்ந்த பஞ்சும் கொண்டு எடுத்த மட்டும் எடுத்தேன், மிச்சத்தை விட்டுவிட்டேன். தேய்த்தால் கம்பளி கிழியும்.

சீட்டை வண்டியில் மாட்டியதும் உமாவைப் பார்த்தேன். ஒட்டு அசலைவிட ஒரு பிடி கறுப்பாக, பளிச்சென்று தெரிந்தது. அவர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒற போட்டுட்டா தெரியாதில்ல?" என்றார் மெதுவாக.

"தெரியாதுதான். நான் காட்டுறதுக்கு முன்னாடி நீங்க போட்டா நான் எடுப்பேன், காட்டிட்டப்புறம் நீங்க போட்டுக்குங்க. யாரு எரிச்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். அது என் வேல இல்ல."

வக்கீல் ஐயாவைக் கூப்பிட்டேன். வந்தார். ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தார். நூல் மாற்றிய இடம், பூஞ்சை எடுத்த இடம், மேற்கூரைப் புகை எல்லாம் விரல் வைத்துக் காட்டிவிட்டு, கடைசியில் ஒட்டின் மேல் வைத்தேன்.

"இங்க கரிஞ்சிருந்ததுங்க. வெட்டி எடுத்துட்டு ஒட்டியிருக்கேன். தோலு இந்த சீட்டோட தோலுதான்."

"கரிஞ்சதா? புயல்ல எப்படிக் கரியும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாய்க்கு அது பெரிய தண்டனை. உமா கையிலிருந்த உறையைக் கீழே வைத்தார்.

"நான்தான் மாமா. ஈரம் போகட்டும்னு சாம்பிராணி போட்டேன். கங்கு விழுந்துடுச்சு. மறைக்கச் சொல்லி இவுங்ககிட்ட கெஞ்சினேன், மாட்டேன்னுட்டாங்க."

வக்கீல் ஐயா நிமிர்ந்து, வண்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து முன்கதவைத் திறந்தார். கதவின் உள்பக்கத் தோலில், கைப்பிடிக்குக் கீழே, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சுட்ட வடு. நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். முதல் தடவையே சரி பண்ணட்டுமா என்று பாய் கேட்டபோது, தொடாதே என்று கையைப் பிடித்துத் தடுத்தவர் அவர்தான்.

"இங்க வா உமா" என்றார். "எங்கப்பா சுருட்டுப் பிடிச்சிட்டே ஓட்டுவார். இது அவர் சுட்டது. வர்றவங்களுக்கெல்லாம் நான் இத காட்டிப் பெருமையாப் பேசியிருக்கேன். அவர் சுட்டா பெரும, நீ சுட்டா குத்தமா?"

உமா அந்த வடுவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். வக்கீல் ஐயா சட்டைப்பையிலிருந்து செல்லை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணைத் தேடி, மகனைக் கூப்பிட்டார்.

"பாண்டி கடைக்கு வேணாம்னு சொல்லிடு. சீட்டு நல்லா இருக்கு. கல்யாணத்துக்கு இப்படியேதான் போகும், உறையில்லாம... ஆமா, பின்சீட்டுல ஒரு எடம் எரிஞ்சிது. ஒட்டு போட்டாச்சு. தெரியும், தெரிஞ்சா என்ன?"

அந்தப் பக்கம் மகன் ஏதோ கேட்டார். வக்கீல் ஐயா மருமகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"யார் எரிச்சதா? வெளியாளு யாருமில்லப்பா. நம்ம வீட்டு ஆளுதான்."